அன்னப்பழம் தள்ளும் வண்டி

புதுக்கானான் சபையின் சவ வண்டி கோயில்பிள்ளை முதலாளியின் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஆலயத்திலிருந்து நூறடி வந்து, மேலத்தெருவும் கடைத்தெருவும் சேருகிற முக்கில், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நின்றது. இழுத்தவர்கள் எட்டுப் பேர். கல் தடுக்கியிருக்கும் என்று குனிந்து பார்த்தார்கள், கல் இல்லை. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்கள். எண்ணெய் வழிந்து மண்ணில் இறங்கியது, வண்டி அசையவில்லை. எட்டுப் பேர் பதினாறு பேர் ஆனார்கள், பதினாறு பேர் முப்பது பேர் ஆனார்கள், போதகர் ஜெபித்தார், பாடகர் குழு கைவசம் இருந்த மூன்று பாட்டையும் பாடி முடித்து முதல் பாட்டுக்கே திரும்பியது, முதலாளி கருப்பட்டி சேமித்து வைக்கிற கிட்டங்கியிலிருந்து டிராக்டர் வந்தது, கயிறு கட்டினார்கள், கயிறு அறுந்தது, சங்கிலி கட்டினார்கள், டிராக்டரின் பின்சக்கரம் செம்மண்ணில் குழி பறித்து அந்தக் குழிக்குள் தானே இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஜாக்கி வைத்து உயர்த்தியபோது வண்டியின் நான்கு சக்கரங்களும் காற்றில் லேசாகச் சுற்றின. தரையில் இறக்கியதும் நின்றன. பெட்டியை இறக்கித் தோளில் கொண்டுபோகலாமே என்று வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு சம்பந்தி சொன்னார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் போவது கீழத்தெருவின் வழக்கம்.

ஒரு மணிக்கு அன்னப்பழம் வந்தாள். கருவாடு விற்கிறவள். பஸ்ஸை விட்டு இறங்கி, தலையில் கூடையோடு, அந்த முக்கைத் தாண்டித்தான் அவள் கீழத்தெருவுக்குப் போகவேண்டும்.

“ஏய்யா, பொணத்த வச்சுப் பாதைய அடைச்சா மனுசி எப்பிடிப் போவா?” என்று கேட்டாள். அவள் இடது கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, பாதையில் படுத்துவிட்ட பசுவை ஒதுக்குவதுபோல வலது கையை வண்டியின் பின்பலகையில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். வண்டி போயிற்று. பத்தடி போய், அவள் கை விலகியதும் நின்றது.

அது அற்புதம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. வெயில் ஏறியிருந்தது, முதலாளியை அடக்கம் பண்ணவேண்டியிருந்தது. அவருடைய மூத்த மகன், அன்றுவரை அவளை “ஏட்டி கருவாடு” என்று கூப்பிட்டுப் பழகியவன், தொண்டையைச் செருமி, “அம்மா, கொஞ்சம் கல்லறை வரைக்கும்” என்றான். அவள் கூடையை இறக்கி வைக்க இடம் தேடினாள். யாருக்கும் அதைக் கையில் வாங்க மனம் வரவில்லை. ஆகவே கூடையும் தலையிலிருக்க, முன்னால் சிலுவை போக, பின்னால் ஊழிக் கருவாடும் சாளைக் கருவாடும் மணக்க, கோயில்பிள்ளை முதலாளி கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

கூட்டத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற வேதமாணிக்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சபையின் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர், சபையின் சமாதானக் குழுவுக்குச் செயலாளர், கீழத்தெருக்காரர். அந்த வண்டி அவருடைய பத்தொன்பது வருடம்.

புதுக்கானானில் ஒரே வேதம், ஒரே ஆலயம், ஒரே மணி, இரண்டு சாதி. கப்பலேறி வந்த ஒரு துரை செய்வித்துக் கொடுத்த அந்தத் தேக்கு வண்டி, நான்கு பக்கமும் கண்ணாடி பதித்தது, சபைக்குப் பொது என்று ஏட்டில் இருந்தாலும், நூறு வருடத்துக்கு மேலாக மேலத்தெருவின் சடலங்களை மட்டுமே சுமந்தது. கீழத்தெருவில் செத்தவர்கள் தோளில், குளத்தங்கரை வழியாக, மேலத்தெருவின் கண்ணில் படாமல் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருத்தி வேதமாணிக்கத்தின் அம்மா. அவளை அடக்கம் பண்ணித் திரும்பிய அன்று அவருடைய அப்பா மாசிலாமணி, “நான் செத்தா என்ன அந்தக் கண்ணாடி வண்டியில ஏத்தி மேலத்தெரு வழியாக் கொண்டுபோ. அவம் வீட்டு வாசல் ஒவ்வொண்ணையும் நான் படுத்துக்கிட்டே பாக்கணும்” என்றார். “நானே இழுத்துக்கிட்டுப் போறேம்ப்பா” என்று மகன் சொன்னார்.

சொன்னதிலிருந்து மனு எழுதினார். சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்கு, பேராயர் அலுவலகத்துக்கு, கலெக்டருக்கு. ஊர் அவருக்குப் பெட்டிசன் வாத்தியார் என்று பெயர் வைத்தது. பேராயர் பங்களா வாசலில் ஒன்பது நாள் உபவாசம் இருந்தார். மேலத்தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் அவர் பக்கம் நின்று, அதற்காகச் சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு அழைப்பில்லாமல் போயின. தெருவுக்கு ஆறு பேராகச் சமாதானக் குழு அமைந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடியது; கூட்டத்தில் டீ கொடுக்க இரண்டு வகைத் தம்ளர் இருந்ததை ஒரே வகையாக்க நான்கு வருடம் பிடித்தது. கடைசியில், கோயில்பிள்ளை முதலாளி சாவதற்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒப்பந்தம் ஆயிற்று. வண்டி இரு தெருவுக்கும் பொது. ஒற்றைப்படைத் தேதிகளில் மேலத்தெருவுக்கு, இரட்டைப்படைத் தேதிகளில் கீழத்தெருவுக்கு. கீழத்தெருவின் வண்டி தற்போதைக்குக் குளத்தங்கரை வழியாகவே போகும். ‘தற்போதைக்கு’ என்ற சொல்லைச் சேர்க்கவைத்தது வேதமாணிக்கம். அதற்காக மூன்று கூட்டம் வாதாடியிருந்தார். கையெழுத்துப் போட்ட அன்று பேராயரோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அப்பா அதைக் கட்டிலில் இருந்தபடியே பார்த்துவிட்டு, “வண்டி கிடைச்சிட்டு, வழி கிடைக்கலயா?” என்று மட்டும் கேட்டார்.

முதலாளியைப் புதைத்த பிறகு வெறும் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவரவேண்டும். அன்னப்பழத்தால் முடிந்தால் கீழத்தெருக்காரர் யாராலும் முடியும் என்று மேலத்தெருவில் ஒருவர் சொன்னார். அதுதான் கடவுளுடைய சித்தம் என்று இன்னொருவர் சொன்னார். கீழத்தெரு ஆட்கள் வரிசையாக வந்து கை வைத்தார்கள். நகரவில்லை. கடைசியில் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஏனென்றால் அடுத்து யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. “வாத்தியார் வைங்க” என்றார்கள். வேதமாணிக்கம் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் பதித்தார்.

வேப்பமரத்தில் காக்கை கத்தியது. வேறொன்றும் நடக்கவில்லை.

“தள்ளும் வாத்தியாரே, நேரமாவுது. கருவாடு இனியும் காஞ்சா வெறகாயிரும்” என்றாள் அன்னப்பழம். கூட்டம் சிரித்தது. அடக்கம் முடிந்த இடத்தில் அப்படிச் சிரிப்பு வந்ததில் எல்லாருக்கும் ஒரு ஆறுதல் இருந்தது. அவர் மட்டும் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் வந்து அவர் கைக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்தாள். வண்டி அவர் கையிலிருந்து நழுவி முன்னால் போயிற்று.

பிறகு ஊர் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. மழைக்காலத்துக்கு ஏற்பக் கூரையை மாற்றுவதுபோல, அவ்வளவு சாதாரணமாக. யார் வீட்டிலாவது பெரியவர்கள் படுக்கையில் விழுந்தால், டாக்டரைக் கேட்டதற்கு அடுத்தபடியாக அன்னப்பழத்துக்குச் சந்தை எந்தக் கிழமை என்று கேட்டார்கள். செவ்வாயும் வியாழனும் அவள் வெளியூர்ச் சந்தைக்குப் போவாள் என்பது மேலத்தெருவின் குழந்தைகளுக்கும் தெரிந்தது. அவளுக்கு ஜலதோஷம் பிடித்தால் மாடி வீடுகளிலிருந்து சுக்கு வந்தது. அவளுக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தார்கள்; அவள் அதைக் கருவாட்டுக் கூடைக்குள் போட்டு வைத்தாள், அதில் பேசியவர்கள் எல்லாரும் மூக்கைச் சுளிப்பது போலவே அவளுக்குக் கேட்டது. வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். “கருவாடு விக்கிறவ கருவாட்டு நாத்தத்தோடதான் வருவா. செத்தவுகளுக்கு ஒண்ணும் செய்யாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதலில் அவளை வாசலில் நிற்கவைத்துப் பேசினார்கள். பிறகு நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒருநாள் மழை பெய்தது, நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார்கள், பிறகு அது உள்ளேயே கிடந்தது. ஏட்டி கருவாடு என்றவர்கள் அன்னப்பழம் என்றார்கள், அன்னப்பழம் என்றவர்கள் அக்கா என்றார்கள்.

சாகக் கிடந்தவர்கள் அவளைப் பார்க்கவேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். தங்களைக் கடைசியாகத் தள்ளப்போகிற கையை முன்கூட்டியே பார்த்துவைக்க நினைத்தார்களோ என்னவோ. அவளிடம் எதையாவது சொன்னார்கள். ஓய்வுபெற்ற ஒரு கிட்டங்கிக் கணக்கர், அவளுடைய அப்பா தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஆலயத்துக்குள் வந்ததற்காக அவரைப் புளியமரத்தில் கட்டி அடித்தவர்களில் தானும் ஒருவன் என்று சொல்லி அழுதார். அறையில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

“எங்கப்பா அதுக்கப்புறம் துண்டே போடல. குளிருக்கும் போடல” என்றாள் அன்னப்பழம். பிறகு, “கஞ்சி குடிச்சீரா?” என்று கேட்டாள்.

மறுவாரம் அந்தக் கணக்கரின் பிள்ளைகள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, சபையாருக்கு முன்னால் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் வேறு சிலரும் எழுந்தார்கள். போதகர் பிரசங்கத்தைக் குறைத்து அதற்கென்று நேரம் ஒதுக்கவேண்டியதாயிற்று. அன்னப்பழம் அதையெல்லாம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நல்ல வியாபாரம்.

வேதமாணிக்கம் கேட்டார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டார். இந்த மனிதர்களை எழுந்து நிற்கவைக்க அவர் பத்தொன்பது வருடம் என்னென்ன எழுதியிருந்தார். எந்தக் கூட்டத்திலும் தரையைப் பார்த்துக்கொண்டு டீயை ஊதிக் குடித்தவர்கள் இப்போது எழுந்து, குரல் உடைந்து பேசினார்கள், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வாக்கியத்தில் அவள் பெயரைச் சொன்னார்கள், ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவள் பெயர் வரும்போதெல்லாம் அவர் நெஞ்சுக்குக் கீழே ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அதற்கு அவர் கொள்கை என்று பெயர் வைத்திருந்தார். கீழத்தெரு விழித்தெழுந்து உரிமை கேட்டுப் பெறவேண்டியதை ஒரு வேடிக்கையாக ஆக்கிவிட்டாள் என்று மனைவியிடம் சொன்னார். சமாதானக் குழுவின் ஆண்டறிக்கையை ஏழு பக்கம் எழுதினார்; அதில், ‘ஒரு சகோதரியின் ஒத்துழைப்பும் குறிப்பிடத்தக்கது’ என்று ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பேராயர் அலுவலகத்து மாதப் பத்திரிகை ஏழு பக்கத்தையும் விட்டுவிட்டு அந்தச் சகோதரியின் படத்தை அட்டையில் போட்டது. கூடையோடு.

ஒருநாள் வழியில் அவளை நிறுத்திக் கேட்டார்.

“நீ தினம் ஜெபம் பண்ணுவியா?”

“பஸ்ஸு வரணும்னு பண்ணுவேன்.”

“வேற?”

“ஏறினா எடம் கிடைக்கணும்னு பண்ணுவேன். ஏன் வாத்தியாரே?”

பள்ளிக்கூடம் விட்ட மதியங்களில் அவர் வண்டிக் கொட்டகைக்குப் போனார். யாரும் இல்லாத நேரம். பலகையில் கை வைத்தார், ஜெபித்தார், வசனம் சொன்னார், செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளினார், இடது கையால் மட்டும் தள்ளினார், கோபத்தோடு தள்ளினார், கோபமில்லாமல் தள்ளப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை, அசைவம் தொடாத அந்த மனிதர், பக்கத்து ஊர்க் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி, கொட்டகைக்குள் வைத்து இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை நன்றாகத் தேய்த்துக்கொண்டு தள்ளினார். கண்ணாடியில் விரல் அடையாளம் பதிந்ததுதான் மிச்சம். தெருப் பூனைகள் மூன்று அவரை வீடுவரை கொண்டுவந்து விட்டன. மனைவி ஞானசொர்ணம் சோறு போடும்போது மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ரசத்தை ஊற்றினாள். அவள் கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஐப்பசியில் கிணறு வெட்டுகிற ஆபேல் செத்துப்போனான். கீழத்தெரு, நாற்பது வயது, பதினேழாம் தேதி. குளத்தங்கரை முழங்கால் அளவு சேறாகக் கிடந்தது. அன்னப்பழம் கரையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள், “இதுல போனா வண்டியும் போயிரும்” என்று சொல்லிவிட்டு, ஆபேலை நேராக மேலத்தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். கீழத்தெரு மொத்தமும் என்ன நடக்குமோ என்று ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு பின்னால் வந்தது. மேலத்தெருவின் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். இன்றைக்கு அவள் கையை மறித்தால் நாளைக்குத் தங்கள் வீட்டுப் பிணத்தை யார் தள்ளுவது என்று சிலர் நினைத்தார்கள். சிலர் அப்படி நினைக்காமலும் நின்றார்கள். ஒருவன் தலைத்துண்டை எடுத்தான். நூறு வருடமாக நடக்காத ஒன்று, யாரும் மறிக்காமல், பாதித் தெருவைத் தாண்டிவிட்டது.

அப்போது வேதமாணிக்கம் நடுத்தெருவில் வந்து நின்றார்.

சட்டைப் பையில் ஒப்பந்தத்தின் நகல் இருந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்குத் தேதி பதினேழு” என்றார்.

“ஆமா. நேத்து பதினாறு, நாளைக்குப் பதினெட்டு” என்றாள் அன்னப்பழம். “அதுக்கென்ன இப்போ?”

“ஒற்றைப்படை நாளு மேலத்தெருவுக்கு. நம்ம வழியும் இது இல்ல. ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கு. நாமளே மீறினா...”

வாசலில் நின்ற மேலத்தெரு ஆள் ஒருவர், “போகட்டும் சார், விடுங்க” என்றார். அவர் அதைத் தாழ்ந்த குரலில், சொந்தக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“நீங்க விடலாம். ஒப்பந்தம் விடாது” என்றார் வேதமாணிக்கம். தன் குரல் சேகரக் கமிட்டியின் பழைய தலைவர் ஒருவருடைய குரல்போல ஒலித்ததை அவரே கேட்டார். கேட்டும் நிறுத்தமுடியவில்லை.

“ஆபேலு இன்னும் ஒரு நாளு உசிரப் பிடிச்சிட்டுக் கெடந்திருக்கலாம்னு சொல்லுதீரா?” என்றாள் அன்னப்பழம்.

ஆபேலின் மனைவி வண்டிக்குப் பின்னாலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவரிடம் பதில் இருந்தது. அவள் திட்டவில்லை. அவர் காகிதத்தை மடித்து ஓரமாக நகர்ந்துகொண்டார். வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று, தெரு தாண்டிப் போயிற்று. ஒப்பந்தத்தை யாரும் கிழிக்கவில்லை. அது இருக்கிற இடத்தைப் பிறகு யாரும் தேடவில்லை.

“பத்தொம்பது வருசமா அந்தத் தெருவத்தான கேட்டிய?” என்றாள் ஞானசொர்ணம், அன்று வீட்டில்.

“கேட்டது நான்” என்றார் அவர்.

மாசிலாமணிக்கு எண்பத்தாறு வயது. அந்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டிப் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. ஆபேல் எந்த வழியாகப் போனான் என்பதை நான்கு பேரிடம் நான்கு முறை கேட்டுச் சந்தோஷப்பட்டார். மகன் போய் நடுவில் நின்றதையும் யாரோ சொல்லியிருக்கவேண்டும். அதைப் பற்றி அவர் மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்னப்பழத்தைக் கூட்டிவரச் சொன்னார். அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வேதமாணிக்கத்துக்கு இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. தன்னோடு அப்பா கடைசியாக எப்போது சிரித்தார் என்று யோசித்துப் பார்த்தார்.

“ஏட்டி, என்னையும் நீதான் தள்ளணும்.”

“தள்ளுறேன் மாமா. செவ்வா வியாழன் மட்டும் வேண்டாம். சந்த.”

“பாத்துச் சாவுறேன்.”

வேதமாணிக்கம் சிவப்பு மையால் ஒரு சரியான விடையை அடித்தார்.

சொன்னதுபோலவே, மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் மாசிலாமணி போய்விட்டார். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கட்டிலில் கிடத்தினார்கள். அடக்கம் பகல் பதினோரு மணிக்கு என்று போதகர் சொல்லி அனுப்பினார். வேதமாணிக்கம் தெரு ஆட்களைக் கூப்பிட்டு மூங்கில் வெட்டிக் கட்டச் சொன்னார்.

“எதுக்கு சார் மூங்கில்?”

“தோள்ல கொண்டு போறோம். கரை வழியா.”

அவர்கள் ஞானசொர்ணத்தைப் பார்த்தார்கள். அவள் அவர் அருகில் வந்து குரலைத் தணித்து, “மாமா ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணு” என்றாள்.

“அவரு எங்கப்பா. எந்தோள்ல போகட்டும்.”

கேட்டவர்களுக்கு அது மகனின் பாசம்போலத் தோன்றியிருக்கலாம். அவருக்கே ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. மூங்கில் வந்தது, கட்டினார்கள். தூக்குவதற்கு நான்கு பேர் குனிந்தபோது சந்தில் இரும்புச் சக்கரத்தின் சத்தம் கேட்டது.

யாரும் கூப்பிடாமலே அன்னப்பழம் வண்டியைக் கொண்டுவந்திருந்தாள். வேதமாணிக்கத்தின் வீடு முட்டுச் சந்தின் கடைசி வீடு. வண்டி சுவருக்குச் சுவர் சரியாக அடைத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே நின்றது. அவள் கையை எடுத்துவிட்டு வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து வந்தாள். வண்டிக்குப் பின்னால், கீழத்தெருவுக்குள் ஒருநாளும் கால் வைக்காத மேலத்தெரு ஆட்கள் இருபது முப்பது பேர், சாக்கடையில் வேட்டி படாமல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். கிழவருக்காக வந்தார்களா, அவளுக்குப் பயந்து வந்தார்களா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பெஞ்சியை எடுத்துப் போட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்கள்.

அன்னப்பழம் மூங்கிலைப் பார்த்தாள். “இது யாருக்கு?”

“வண்டி வேண்டாம்” என்றார் வேதமாணிக்கம். “தோள்ல கொண்டு போறோம்.”

“பெரியவரு என்கிட்டல்லா கேட்டாரு.”

“மகன் நான் சொல்றேன். வேண்டாம்.”

“சரி.” அவள் வாசல் படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

நான்கு பேரும் பாடையைத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டினார்கள். பிறகு நின்றார்கள். ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், பாடை போகாது. வீட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்தின் மதில். ஒருவன் பழக்கதோஷத்தில் வண்டியைத் தள்ளிப் பார்த்து, தனக்குத் தானே சிரித்துக்கொண்டான். பாடையை மெல்ல இறக்கினார்கள். எல்லாரும் வேதமாணிக்கத்தைப் பார்த்தார்கள். அவர் வண்டியைப் பார்த்தார்.

“வண்டிய எடு” என்றார்.

“எடுக்கேன்.” அவள் எழுந்திருக்கவில்லை. “வெறும் வண்டியாத் தள்ளவா, உங்கப்பாவ ஏத்தித் தள்ளவா? அத மட்டும் சொல்லும்.”

வெயில் சுவரிலிருந்து இறங்கி மாசிலாமணியின் கால்வரை வந்திருந்தது. ஞானசொர்ணம் வந்து ஒரு துண்டை விரித்து அந்தக் காலை மூடினாள்.

“என்னைய இத்தன பேருக்கு முன்னால கெஞ்ச வைக்கணும், அதான உனக்கு?”

“நீரு ஏன் கெஞ்சணும்? செத்தவரு கேட்டுட்டாரு. நான் கேக்கிறது வேற.” அவள் இப்போது எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள், அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி பேசினாள். “வாத்தியாரே, ஒரு வருசமா சாவு வீடு சாவு வீடா அலையுதேன். ராசாத்தி மாதிரி நாற்காலி போடுதாவ. எவளாவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டாளா? சடங்குக்குக் கூப்பிட்டாளா? நான் வந்தா வீட்டுல சாவு விழும்னு பச்சப்பிள்ளையக் கண்ணுல காட்ட மாட்டேங்கிறாளுவ. நீரு என்னடான்னா இதுக்குப் போயி பொறாமப்பட்டுக்கிட்டு நிக்கீரு.”

அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே இதுவரை யாரும் சொன்னதில்லை.

“எல்லாருக்கும் தெரியுமா?” என்றார்.

“நெத்திலியத் தேச்சுக்கிட்டுப் பூனையோட போனீரே, அன்னைக்கே தெருவுக்குத் தெரியும்.”

அவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். அவள் மேல் இரக்கப்படவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. இரக்கமும் வந்தது. ஆனால் அதன் கூடவே, அந்தக் கை என் கையாக இருந்திருந்தால் கல்யாணம் சடங்கு எதற்கும் கூப்பிடாவிட்டால் என்ன, என்ற நினைப்பும் வந்தது. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அவர் நிமிர்ந்து பார்த்தபோது அப்பாவின் முகத்தில் வெயில் ஏறப்போகிற நேரம்.

“ஏத்துங்க” என்றார்.

பாடையிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்குள் கிடத்தினார்கள். தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேதமாணிக்கமே தலையணையை மடித்து வைத்தார். அன்னப்பழம் முன்பக்கம் கை வைத்துத் தள்ளி, வண்டியைச் சந்திலிருந்து பின்னோக்கி வெளியே எடுத்தாள். மேலத்தெரு ஆட்களும் கீழத்தெரு ஆட்களும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வழிவிட்டார்கள். தெருவுக்கு வந்ததும் வேதமாணிக்கம் அவள் பக்கத்தில் போய்ப் பலகையில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். கொடுத்த வாக்கு அது. தோள் நரம்பு புடைக்கத் தள்ளினார். வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் கொடுத்த பலத்தில் ஒரு துளியையும் அது வாங்கிக்கொள்ளவில்லை. ஓடுகிற பஸ்ஸின் கம்பியைப் பிடித்திருப்பவரைப்போல அவர் கூடவே போய்க்கொண்டிருந்தார். மேலத்தெருவின் முதல் வாசல் வந்தது. கண்ணாடிக்குள் மாசிலாமணியின் முகம் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

“வாத்தியாரே” என்றாள் அன்னப்பழம், முன்னால் பார்த்தபடியே. “சும்மா பிடிச்சிக்கிட்டு வாரீரு. தெரியுதா?”

“தெரியுது.”

“பின்ன முன்னால போயிப் பாட்ட எடுத்து விடும். பாடகர் குழு இன்னும் மூக்கச் சிந்திக்கிட்டுக் கெடக்கு. பாட்டில்லாமப் போனா பெரியவர களவாண்டுட்டுப் போற மாதிரியில்ல இருக்கு. எனக்கு ஒரு பாட்டும் முழுசாத் தெரியாது.”

அவர் பலகையிலிருந்து கையை எடுத்தார். வண்டி வேகம் குறையவுமில்லை, கூடவுமில்லை. கூட்டத்தைத் தாண்டி, சிலுவை பிடித்திருந்தவனையும் தாண்டி, தெருவின் நடுவில், எல்லாருக்கும் முன்னால் போய் நின்று பாட்டை எடுத்தார். முதல் அடியில் குரல் பிசிறியது. இரண்டாம் அடியில் பின்னாலிருந்து ஞானசொர்ணத்தின் குரல் வந்து சேர்ந்தது, பிறகு ஆபேலின் மனைவியின் குரல், பிறகு வாசல்களில் நின்றவர்களில் பாட்டுத் தெரிந்தவர்கள். ஒவ்வொரு வாசலாகப் போயிற்று. முதல் சரணம் முடிந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார். அன்னப்பழம் ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் கண்ணாடி வழியாக எதையோ சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு சிரமமும் இல்லை அவளுக்கு.

அவர் முன்னால் திரும்பினார். இரண்டாம் சரணத்தை முதலில் எடுத்ததைவிட மிக உயர்ந்த சுருதியில், வேண்டுமென்றே எடுத்தார். பின்னால் வந்த இரண்டு தெருவும், திணறி, அந்த உயரத்துக்கு ஏறிவர வேண்டியதாயிற்று.